மழையில் வண்டி நின்றால் எங்கே கை வைப்பது?

ஐப்பசி பிறந்துவிட்டால் என் போன் ஓயாது. "அண்ணே, செக்கானூரணி தாண்டி நிக்கிறேன். வண்டி திக்கித் திக்கி நின்னுருச்சு, பக்கத்துல ஒரு கடையும் இல்ல" என்று யாராவது ஒரு தம்பி கூப்பிடுவான். மருந்துக் கம்பெனி ரெப் வேலையில் 14 வருடமாக மதுரையிலிருந்து தேனி, கம்பம், இராமநாதபுரம், சிவகாசி என்று பைக்கிலேயே அலைகிறவன் நான். மெக்கானிக் இல்லை. ஆனால் வழியில் நின்ற அனுபவம் நிறைய உண்டு. மழைக்காலக் கோளாறு மொத்தமே ஏழெட்டுதான். திரும்பத் திரும்ப அவையேதான் வரும். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததை எழுதி வைத்துவிட்டேன்.

உங்கள் வண்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் இருப்பது காசில்லாத வேலை, கடைசியில் இருப்பது பர்ஸைக் காலி செய்யும் வேலை. வரிசையை மாற்றாதீர்கள்.

சீட்டுக்கடியில் இவை இருக்கட்டும்: பிளக் ஸ்பேனர், புது பிளக் ஒன்று, உங்கள் வண்டிக்கான ஃபியூஸ் இரண்டு, 10 நம்பர் ஸ்பேனர், இன்சுலேஷன் டேப், ஒரு ஊக்கு, பாலிதீன் பையில் கட்டிய பழைய வேட்டித் துணி. இருப்பதிலேயே அதிகம் உதவுவது அந்த வேட்டித் துணிதான்.

## ஓடும்போதே திக்குகிறது, பிறகு நின்றுவிடுகிறது

எனக்கு வரும் போனில் பாதி இதுதான். எப்போது திக்க ஆரம்பித்தது என்பதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

### மழை பிடித்த கொஞ்ச நேரத்திலேயே என்றால்

பிளக் கேப்பில் ஈரம். சாவியை ஆஃப் செய்துவிட்டு எஞ்சின் தலையில் தடித்த வயர் போய்ச் சேரும் ரப்பர் தொப்பியைப் பிடித்து நேராக இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். தொப்பிக்குள் துணியை முறுக்கி விட்டுத் துடையுங்கள். பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர் நின்றால் அதையும் துணியால் ஒற்றி எடுங்கள். குழியைத் துடைக்காமல் பிளக்கைக் கழற்றினால் அந்தத் தண்ணீர் நேராக எஞ்சினுக்குள் போகும். திரும்ப மாட்டும்போது தொப்பி நன்றாக உட்காரும் வரை அழுத்துங்கள்.

சில வண்டிகளில் அந்தக் குழியின் தண்ணீர் வடிவதற்குப் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை உண்டு. இது இருப்பதே பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. மூன்று மழையில் மூன்று பிளக் மாற்றினேன். நாலாவது மழையில் உசிலம்பட்டியில் நின்றபோது, டீக்கடையில் ஒதுங்கியிருந்த ஒரு லாரி டிரைவர் அண்ணன் குனிந்து பார்த்து, "இந்த ஓட்டை அடைச்சிருக்குப்பா" என்றார். பூக்காரம்மாவிடம் ஒரு ஊக்கு கேட்டு வாங்கிக் குத்தினேன். சேறும் தண்ணியுமாக ஒரு வாய் அளவுக்குக் கொட்டியது. அன்றிலிருந்து சாவிக்கொத்தில் ஒரு ஊக்கு தொங்குகிறது.

துடைத்தும் திக்கினால் அடுத்த வேலை: இருட்டான இடத்தில் வண்டியை ஓடவிட்டு, தொடாமல் வயரைப் பாருங்கள். வயர் மேலோ தொப்பியிலோ நீலமாகப் பொறி ஓடினால் அங்கே வெடிப்பு. அணைத்துவிட்டு, துடைத்து, டேப் சுற்றினால் வீடு வரைக்கும் தாங்கும். மறுநாள் தொப்பியை மாற்றிவிடுங்கள், பெரிய காசில்லை. பொறி ஓடாவிட்டால் பிளக்கை மாற்றிப் பாருங்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் இக்னிஷன் காயில், சி.டி.ஐ. (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மின் பாகங்கள்) பக்கம் போகிறது. அது மெக்கானிக் வேலை. ரோட்டோரம் நின்று நோண்ட வேண்டாம்.

### பெட்ரோல் போட்டுக் கொஞ்ச தூரத்திலேயே என்றால்

பெட்ரோலில் தண்ணீர். உடனே பங்க்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் உங்கள் டேங்க் மூடியைத் திறந்து, வாயைச் சுற்றியுள்ள பள்ளத்தைப் பாருங்கள். அங்கேயும் ஒரு வடிகால் துளை இருக்கும். அது தூசி அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் மூடியடியில் குளம் கட்டி நிற்கும். பெட்ரோல் போடத் திறந்ததும் அத்தனையும் டேங்குக்குள். இதற்கும் அதே ஊக்குதான்.

கார்புரேட்டர் வண்டி என்றால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு வடிகால் ஸ்குரூ இருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு அதைத் தளர்த்தி, வருவதை வெள்ளை பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தனியாகக் குமிழோ அடுக்கோ தெரிந்தால் தண்ணீர்தான். இரண்டு மூன்று முறை வடித்துவிட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். பக்கத்தில் பீடி பற்றவைத்தபடி வேடிக்கை பார்க்கிறவரை முதலில் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

எஃப்.ஐ. வண்டி (கார்புரேட்டர் இல்லாமல், பம்ப் வைத்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) என்றால் இந்த வழி இல்லை. டேங்கையே இறக்கி வடிக்க வேண்டும், பம்பையும் பார்க்க வேண்டும். நேராகப் பட்டறை. இப்போது பங்கில் வருவது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து டேங்க் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். அதனால் "மேலே இன்னும் 200 ரூபாய்க்குப் போட்டா சரியாயிரும்" என்ற யோசனையைக் கேட்காதீர்கள்.

உங்கள் மூடி சுத்தமாக இருந்து, அதே பங்கில் போட்ட இன்னொருவருக்கும் இதே கதை என்றால், பில்லோடும் பாட்டிலோடும் போய்க் கேளுங்கள்.

### நிற்கவில்லை, ஆனால் இழுவை இல்லை

ஏர் ஃபில்டர் நனைந்திருக்கும். ஸ்பாஞ்சு வகை என்றால் பிழிந்து உலர்த்திப் போடலாம். பேப்பர் வகை நனைந்தால் மாற்றத்தான் வேண்டும். ஃபில்டரே இல்லாமல் ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். மண்ணும் தண்ணியும் உள்ளே போனால் செலவு எங்கேயோ போய்விடும்.

### மீட்டரில் எஞ்சின் லைட் அணையவே இல்லை

சாவியை ஆஃப் செய்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். வண்டி ஒழுங்காக ஓடினால் மெதுவாக ஊர் சேருங்கள். ஸ்கேன் கருவி இருக்கும் இடத்தில் மட்டும் காட்டுங்கள். கருவி இல்லாதவரிடம் விட்டால் ஒவ்வொரு சென்சாராக மாற்றிப் பார்ப்பார், உங்கள் காசில்.

## செல்ஃப் அமுக்கினால் ஸ்டார்ட் ஆகவில்லை

சத்தமே இல்லை. சிரிக்காதீர்கள், முதலில் ஹேண்டிலில் எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சைப் பாருங்கள். ரெயின்கோட் கை பட்டு அது ஆஃப் ஆகியிருக்கும். இதற்காகவே என்னைத் திருமங்கலம் வரை வரவழைத்த ஆள் ஒருவர் இன்றைக்கும் என் நண்பர்தான். அடுத்து கிளட்சை முழுக்கப் பிடித்து அமுக்குங்கள். அப்புறம் ஃபியூஸ். போன ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் அட்டைத் தாளைச் சுற்றாதீர்கள். ஃபியூஸ் போனதற்கு ஒரு காரணம் இருக்கும், தாளைச் சுற்றினால் அடுத்து வயர் எரியும். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கேயோ வயர் உரசுகிறது, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

டிக் டிக் சத்தம் மட்டும். பேட்டரி இறங்கிவிட்டது, அல்லது பேட்டரி முனை தளர்ந்திருக்கிறது. முனையை இறுக்கிப் பாருங்கள். கிக்கர் இருந்தால் உதையுங்கள். இல்லையென்றால் இரண்டாவது கியரில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு யாரையாவது தள்ளச் சொல்லி, வேகம் வந்ததும் கிளட்சை விடுங்கள். மீட்டர் லைட்டே எரியாத அளவுக்குப் பேட்டரி செத்திருந்தால் எஃப்.ஐ. வண்டியைத் தள்ளியும் பிரயோசனமில்லை, பெட்ரோல் பம்புக்கும் கரண்ட் வேண்டும்.

எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மேலே பிளக் கேப் பகுதிக்குப் போங்கள். செல்ஃபை ஐந்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் அமுக்காதீர்கள், இடையில் கால் நிமிடம் விடுங்கள். இல்லையென்றால் பேட்டரியும் போய்விடும்.

## நியூட்ரலில் ஓடுகிறது, முதல் கியர் போட்டால் அணைகிறது

சைடு ஸ்டாண்டு சுவிட்ச். ஸ்டாண்டு மடங்கியிருந்தாலும் அதன் மூட்டில் சேறு அப்பிக்கொண்டால், ஸ்டாண்டு இறங்கியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவி, ஸ்டாண்டை நாலைந்து தடவை இறக்கி ஏற்றுங்கள். பத்தில் ஒன்பது தடவை இவ்வளவுதான். போகவில்லை என்றால் சுவிட்சை மாற்ற வேண்டும்.

## தேங்கிய தண்ணீரில் இறங்கியபோது நின்றுவிட்டது

செல்ஃபைத் தொடாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

மதுரையில் ஒரு மணி நேரம் நன்றாகப் பெய்தால் ரயில்வே பாலத்தடியில் எல்லாம் தண்ணீர் நிற்கும். முன்னால் பஸ் போகிறதே என்று பின்னாலேயே இறங்குவோம். பஸ் தள்ளிவிட்ட அலை சீட் வரைக்கும் ஏறும். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது அந்தத் தண்ணீர் நசுங்காது. வளைவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு. 2024 அக்டோபரில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பிச் செல்லூர்த் தெருக்களில் தண்ணீர் ஏறிய வாரம், எனக்குத் தெரிந்த பட்டறை ஒன்றில் வரிசையாக வண்டிகள். மெக்கானிக் அண்ணன் சொன்னது: "தண்ணி கெடுத்தது கொஞ்சம்தான். ஓனர் அமுக்கிக் கெடுத்ததுதான் ஜாஸ்தி."

செய்ய வேண்டியது: மேட்டுக்குத் தள்ளுங்கள். இரண்டு பேர் இருந்தால் முன்சக்கரத்தைத் தூக்கிச் சைலன்சர் தண்ணீரை வடியுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

- பெட்டி காய்ந்திருக்கிறதா? நல்ல காலம். பிளக் கேப்பைத் துடைத்து, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யலாம்.
- பெட்டிக்குள் தண்ணீர் இருக்கிறதா? பிளக்கைக் கழற்றிவிட்டு, சாவி ஆஃபில், கிக்கரை மெதுவாக அமுக்குங்கள். துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சினால் வருவது நிற்கும் வரை அமுக்குங்கள். முகத்தைத் துளைக்கு நேரே வைக்காதீர்கள். கிக்கர் இல்லாத வண்டி என்றால் இங்கேயே நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.
- ஆயில் பார்க்கும் கண்ணாடியிலோ குச்சியிலோ நிறம் எப்படி? பால் கலந்த டீ மாதிரி இருந்தால் ஆயிலில் தண்ணீர். ஸ்டார்ட் செய்யவே கூடாது. குட்டியானை லோடு வண்டியைப் பிடித்து ஏற்றிவிடுங்கள். ஆயிலை ஒரு தடவை மாற்றினால் போதாது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடியும் மாற்ற வேண்டியிருக்கும்.

வண்டி வாடகை வலிக்கும்தான். எஞ்சின் இறக்கும் கூலியைக் கேட்டுவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

## எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் நகரவில்லை

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. திருமங்கலத்துக்குத் தெற்கே, டி.கல்லுப்பட்டி, பேரையூர், அருப்புக்கோட்டைப் பக்கம் தார் ரோட்டை விட்டு இறங்கியவர்களுக்கு நன்றாகப் புரியும். கரிசல் மண்.

செம்மண் சேறு வழுக்கும், அவ்வளவுதான். கரிசல் ஒட்டும். முதல் சுற்றில் டயரில் ஒரு படலம், இரண்டாவது சுற்றில் இன்னொன்று; நூறு அடி போவதற்குள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் களிமண் உருண்டை இறுகிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பேரையூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் குறுக்குப் பாதையில் போய் நான் மாட்டியபோது, போவேன் என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். கருகிய வாடை வந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தூரத்திலிருந்தே கத்தினார்: "முறுக்காதய்யா! குச்சிய விட்டு நோண்டு!" அந்த வாடை கிளட்ச் பிளேட் வாடை. இன்னும் இரண்டு நிமிடம் முறுக்கியிருந்தால் கல்யாணச் சாப்பாட்டுக்குப் பதில் கிளட்ச் செட்.

எஞ்சினை அணைத்துவிட்டு, கருவேலங்குச்சியால் முன்னும் பின்னும் நோண்டி எடுங்கள். கையால் வேண்டாம், முள்ளும் கண்ணாடித் துண்டும் இருக்கும். முன்சக்கரம் மறுபடி மறுபடி பூட்டினால் 10 நம்பர் ஸ்பேனரால் முன் மட்கார்டைக் கழற்றிச் சீட்டில் கட்டிவிடுங்கள் (சில வண்டிகளில் சைஸ் மாறும்). முகமெல்லாம் சேறு தெறிக்கும், ஆனால் வண்டி போகும். நடுத்தடத்தை விட்டு ஓரத்துப் புல் மேல் ஓட்டுங்கள். எஞ்சினை ஓடவிட்டபடி வண்டியைத் தள்ளும்போது முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்தபடி இழுக்கக் கூடாது.

தார் ரோடு வந்ததும் டிஸ்க்கிலும் செயினிலும் ஒட்டியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். காய்ந்தால் செங்கல். அதன் பிறகும் ஏறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

## பிரேக் பிடிக்கவில்லை

தண்ணீரிலிருந்து வெளியே வந்த உடனே. ஈரம்தான். பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து, 20 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டபடி நூறு இருநூறு மீட்டர் போங்கள். டிஸ்க் சீக்கிரம் காயும், டிரம் நேரம் எடுக்கும்.

மலையிறங்கும்போது லீவர் பஞ்சு போல் அமுங்குகிறது. கொடைக்கானலிலிருந்து காட்ரோட்டுக்கு இறங்குகிறவர்களுக்கு வரும். பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால் பிரேக் ஆயில் கொதித்துவிடும். டம்டம் பாறை மாதிரி இடம் கிடைத்த இடத்தில் ஒதுங்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும். மிச்ச தூரத்தை இரண்டாவது கியரில் இறங்குங்கள். ஆறிய பிறகும் பஞ்சாகவே இருந்தால் ஓட்டவே கூடாது. பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. பலர் வண்டி வாங்கியதிலிருந்து மாற்றியதே இல்லை.

இரும்பு உரசும் சத்தம். முதலில் கல், மண் சிக்கியிருக்கிறதா பாருங்கள். கழுவியும் போகவில்லை என்றால் பேட் தீர்ந்துவிட்டது. இன்றைக்கே மாற்றினால் பேட் செலவு, அடுத்த வாரம் என்றால் டிஸ்க்கும் சேர்த்து.

ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) லைட் அணையவில்லை. சக்கரத்துச் சென்சாரில் சேறு. கழுவிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். எரிந்தாலும் சாதாரணப் பிரேக் வேலை செய்யும். ஆனால் ஈர ரோட்டில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டும் என்பதை மறக்காதீர்கள்.

## வண்டி ஆடுகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது

டயரில் காற்று முதலில். மழையில் காற்றைக் குறைத்தால் பிடிப்பு வரும் என்று சொல்வார்கள். வேண்டாம், கம்பெனி சொன்ன அளவே இருக்கட்டும். அடுத்து, கட்டியிருக்கும் பை. சாம்பிள் பையை உயரமாகக் கட்டினால் காற்று அதைப் பாய்மரமாக்கிவிடும். ரெயின்கோட்டின் பின்பக்கம் படபடத்தாலும் ஹேண்டில் ஆடும்.

இவை சரியாக இருந்தும் ஆடினால் இடத்தைப் பாருங்கள். ஆனி, ஆடியில் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டும்போது மேற்கிலிருந்து வரும் காற்று ஆளையே தள்ளும். பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவில் ஒதுங்க இடம் கிடையாது. அங்கே கை இறுக இறுக ஆட்டம் கூடும். முழங்காலால் டேங்கை அணைத்து, கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறையுங்கள். பஸ்ஸை முந்தும்போது அதன் மறைவிலிருந்து வெளியே வரும் அந்த ஒரு நொடிதான் ஆபத்து.

காற்று இல்லாத நேர் ரோட்டிலும் ஆடினால் ஹேண்டில் திரும்பும் மூட்டிலுள்ள கோன் செட்டோ வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள்; லொடலொட என்றால் பட்டறை.

## முன்னால் ஒன்றும் தெரியவில்லை

ஹெல்மெட் கண்ணாடி உள்பக்கம் பனித்தால், கிளம்பும் முன் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை உள்பக்கம் தடவி, காய்ந்த துணியால் மெருகேற்றுங்கள். ஓடும்போது ஒரு படி மட்டும் கண்ணாடியைத் தூக்கி வைக்கலாம். போடிமெட்டிலும் கொடைக்கானலிலும் மூடுபனி என்றால் ஹை பீம் போடாதீர்கள், வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஹெட்லைட்டுக்குள்ளேயே ஆவி படிந்தால் தானாகக் காயும். தண்ணீரே தேங்கி நின்றால் சீல் போய்விட்டது. இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது.

## வண்டிக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குக் கை நடுங்குகிறது

மதுரை வெயிலில் வளர்ந்தவர்கள் குளிரை மதிப்பதில்லை. நனைந்த சட்டையோடு மலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் விரல் மரத்து, பிரேக் பிடிக்க அரை நொடி தாமதமாகும். நிறுத்துங்கள், உலர்ந்த சட்டைக்கு மாறுங்கள், சூடாக ஏதாவது குடியுங்கள். சட்டைக்குள் நெஞ்சில் ஒரு நியூஸ்பேப்பரை வைத்துக்கொண்டால் காற்று அடங்கும். இடி மின்னல் என்றால் பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் கட்டடத்துக்குள் போய் ஒதுங்குங்கள்.

## மறுநாள் காலையில்

வண்டியைத் தள்ளினால் பின்சக்கரம் நகரவில்லை என்றால், டிரம்மில் பிரேக் ஷூ துருவோடு ஒட்டியிருக்கும். கியரை நியூட்ரலில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள், 'டக்' என்று விடும். இரண்டு நாள் தொடர்ந்து ஒட்டினால் டிரம்மைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

செயின் கரகரத்தால் மழை அதன் ஆயிலைக் கழுவிவிட்டது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, கியர் ஆயிலோ செயின் ஸ்பிரேயோ உள்பக்கமாகப் போடுங்கள். எஞ்சினை ஓடவிட்டுத் துணியால் துடைக்காதீர்கள், விரல் போய்விடும். பின் ஸ்ப்ராக்கெட் பற்கள் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் ஆயில் ஊற்றிப் பயனில்லை. செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது அதைத் தின்றுவிடும்.

அப்புறம் அந்த வேட்டித் துணியைக் காயப்போட்டுப் பையில் திரும்ப வையுங்கள். ஈரத்துணியை வைத்துக்கொண்டு எனக்குப் போன் போடுகிறவர்கள்தான் இந்த வருடம் அதிகம்.